விண்மீன் செயலியும் செட்டிநாட்டு வானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், திருப்பத்தூர் வட்டாரங்களில் விண்மீன் செயலியைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருப்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் மொட்டை மாடியில் நின்று வீட்டாருக்கு ஒருமுறை சுற்றிக் காட்டிய பிறகு அதைத் திறக்காமலேயே விட்டுவிட்டவர்களும் அவர்களில் பலர். திரை சொன்ன திசையில் கோள் இல்லை, பஞ்சாங்கம் ஒன்று சொல்லச் செயலி வேறொன்று சொல்கிறது, படத்தில் பார்த்த வண்ணங்கள் வானத்தில் தெரியவில்லை என்பவையே பெரும்பாலும் அதற்குக் காரணங்கள். இந்த மூன்றுக்கும் விடை உண்டு. ஏறத்தாழ வட அகலாங்கு 10 பாகையில் (டிகிரியில்) அமைந்திருக்கும் நம் ஊர்களின் வானத்தை மனத்தில் வைத்தே கீழே உள்ள விடைகள் எழுதப்பட்டுள்ளன.

வானத்தை நோக்கிப் பிடித்தவுடன் விண்மீனின் பெயரைச் செயலி எப்படிச் சொல்கிறது? கேமரா அதைப் பார்க்கிறதா?

பெரும்பாலான செயலிகளில் கேமராவுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. கைப்பேசியை மேசையின் மேல் கவிழ்த்து வைத்தாலும், வீட்டுக்குள் நின்று சுவரை நோக்கிப் பிடித்தாலும், செயலி விண்மீன்களைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். தரைக்குக் கீழே இருக்கும் சூரியனைக்கூட நள்ளிரவில் காட்டும். நீங்கள் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலமாகவும், நேரத்தைக் கைப்பேசியின் கடிகாரத்திலிருந்தும் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் அந்த நொடியில் எந்த விண்மீன் எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைச் செயலி கணக்கிடுகிறது. கைப்பேசி எந்தத் திசையை நோக்குகிறது என்பதைக் காந்த உணரியும், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை முடுக்கமானியும், திரும்பும் வேகத்தைச் சுழல் உணரியும் சொல்கின்றன. கணக்கு தவறுவது மிக அரிது. தவறுவதெல்லாம் உணரிகளில்தான், அதிலும் காந்த உணரியில்தான். விலை குறைந்த சில கைப்பேசிகளில் சுழல் உணரியே இராது. அவற்றில் படம் நடுங்கிக்கொண்டும் தாவித் தாவியும் நகரும். அது செயலியின் குற்றம் அன்று.

எந்தச் செயலியை வைத்துக்கொள்ளலாம்? இணையம் கட்டாயமா?

தொடங்குபவருக்கு ஸ்டெல்லேரியம் அல்லது ஸ்கை மேப் போதும். ஸ்கை மேப் 2009இல் கூகுள் வெளியிட்டது; 2012 முதல் திறமூலமாக, விளம்பரங்கள் இல்லாமல் கிடைக்கிறது. தோற்றம் எளிமையானது, பழைய கைப்பேசியிலும் ஓடும். ஸ்டெல்லேரியத்தின் இலவசப் பதிப்பில் வானம் இன்னும் இயல்பாகத் தெரியும். ஸ்டார் வாக் 2 அழகான படங்களுக்குப் பெயர் பெற்றது, ஆனால் அந்தப் படங்களே பார்ப்பவரின் எதிர்பார்ப்பைக் கெடுக்கின்றன என்பது என் எண்ணம். தொலைநோக்கி வாங்கிய பிறகு ஸ்கை சஃபாரியைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை பணம் கொடுக்கத் தேவையில்லை.

விண்மீன்களும் கோள்களும் கைப்பேசியிலேயே பதிந்திருப்பவை என்பதால் அவற்றுக்கு இணையம் வேண்டாம். சிக்னல் கிடைக்காத கண்மாய்க் கரையிலும் அவை சரியாகவே தெரியும். செயற்கைக்கோள்கள், வால்மீன்கள் ஆகியவற்றின் பாதை விவரங்களை மட்டும் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இருப்பிடத்துக்கான அனுமதியைக் கொடுங்கள். தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் கேட்கும் செயலிக்கு அவற்றைக் கொடுக்க எந்த அவசியமும் இல்லை.

எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று பார்க்கும்போது திசை முழுவதும் தவறிவிடுகிறது. தெருவுக்கு வந்தால் சரியாகிவிடுகிறது. ஏன்?

செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய சிக்கல் இது. பர்மாத் தேக்குத் தூணும் கருங்கல் தூணும் காந்த உணரியை ஒன்றும் செய்யா. ஆனால் பல வீடுகளில் வளவு எனப்படும் உள்முற்றத்துக்கு மேலே குரங்கும் திருடரும் இறங்காதபடி இரும்புக் கம்பி வலை போட்டிருக்கும்; சுற்றுத் தாழ்வாரத்தை வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கும்; மேல்தளத்தில் இரும்பு உத்திரங்கள் ஓடும்; ஊஞ்சல் சங்கிலி வேறு தொங்கும். இத்தனை இரும்புக்கு நடுவே நிற்கும் கைப்பேசிக்கு வடக்கு எது என்பது தெரியாது. புதிய வீடுகளிலும் நிலைமை அவ்வளவு மேலானதன்று: மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமும், தளத்துக்குள் புதைந்திருக்கும் கம்பிகளும் அதே வேலையைச் செய்கின்றன.

இதைக் கண்ணால் பார்த்தே உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. திசைகாட்டிச் செயலிகள் சில, அவ்விடத்துக் காந்தப்புலத்தின் வலிமையை மைக்ரோடெஸ்லா என்னும் அலகில் எண்ணாகக் காட்டும். நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. பொட்டலில் நின்று பார்த்தால் அந்த எண்ணை ஒட்டியே காட்டும். வார்ப்பிரும்புத் தூணின் அருகே கொண்டுபோனால் சட்டென்று பல மடங்கு ஏறுவதையும், தூணைச் சுற்றி நடக்கும்போது ஏறி இறங்குவதையும் பார்க்கலாம். எண் 40ஐ விட்டு வெகுதூரம் விலகியிருக்கும் இடத்தில் செயலி காட்டும் திசையை நம்ப வேண்டாம்.

இரும்பை விட்டுச் சில அடி தள்ளி நின்று, கைப்பேசியைக் காற்றில் 8 எழுதுவதுபோல மெதுவாகச் சில முறை சுழற்றினால் காந்த உணரி தன்னைத் திருத்திக்கொள்ளும். அப்படியும் சரியாகாவிட்டால் கைப்பேசியின் உறையைக் கழற்றிப் பாருங்கள். மூடித் திறக்கும் உறைகளின் ஓரத்தில் ஒரு சிறு காந்தம் தைக்கப்பட்டிருக்கும். வண்டியில் கைப்பேசியை ஒட்டி வைப்பதற்கான இரும்புத் தகடும் சிலரிடம் உறைக்குள்ளேயே இருக்கும். எத்தனை முறை 8 எழுதினாலும் அந்தக் காந்தம் கூடவேதான் வரும்.

திசை சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சந்திரன் இருந்தால் சந்திரனை வைத்தும், இல்லாவிட்டால் வெள்ளி அல்லது வியாழனை வைத்தும் சோதியுங்கள். மாலையில் மேற்கிலோ விடியலில் கிழக்கிலோ கண்ணைப் பறிக்கும் ஒளியோடு, சிமிட்டாமல் நிற்பது வெள்ளி. அதை வேறொன்றாகக் கொள்வது கடினம். செயலி அதை எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அவ்வளவு தள்ளித்தான் மற்ற எல்லாவற்றையும் காட்டும். பெரும்பாலான செயலிகளில் திரையை விரலால் இழுத்து, காட்டும் இடத்தை உண்மையான இடத்தோடு பொருத்திவிட முடியும்.

துருவ நட்சத்திரத்தை வைத்துச் சோதிக்க விரும்புபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். துருவம் எந்த ஊரிலும் அந்த ஊரின் அகலாங்கு அளவு உயரத்தில்தான் நிற்கும். காரைக்குடியில் அது வடக்கு அடிவானத்திலிருந்து சுமார் 10 பாகை மட்டுமே மேலே இருக்கிறது. கையை முழுவதும் நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்தின்மேல் ஒரு முட்டி வைத்த உயரம்தான் துருவம். எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரும், ஊர்ப்புறத்துத் தைலமரத் தோப்பும், அடிவானத்துப் புழுதியும் அதை எளிதில் மறைத்துவிடும். செயலி வடக்கே காட்டியும் விண்மீன் தென்படாவிட்டால் பெரும்பாலும் மரம்தான் காரணம்.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறோம். கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகும் வானம் தவறாகவே தெரிகிறது. ஏன்?

கடிகாரத்தை மாற்றியதால்தான். கைப்பேசி உள்ளே உலக நேரத்தை வைத்துக்கொண்டு, நேர மண்டலத்தைக் கூட்டியே நமக்கு மணியைக் காட்டுகிறது. நேர மண்டலத்தைச் சிங்கப்பூரிலேயே விட்டுவிட்டு முள்ளை மட்டும் இரண்டரை மணி நேரம் பின்னே தள்ளினால், செயலி உலக நேரத்தையே இரண்டரை மணி நேரம் பின்தங்கியதாக எடுத்துக்கொள்ளும். வானம் மணிக்கு 15 பாகை வீதம் சுழல்வதால் விண்மீன்கள் 37 பாகைக்கும் மேலாக இடம் மாறித் தெரியும். அமைப்புகளுக்குள் சென்று நேரத்தையும் நேர மண்டலத்தையும் தானியங்கியாக விட்டுவிடுங்கள்.

செயலியில் முன்பு சேமித்த இருப்பிடம் சிங்கப்பூராகவே நின்றுவிடுவதும் உண்டு. அப்படியானால் துருவம் அடிவானத்தில் படுத்துக் கிடக்கும். ஊர்ப் பட்டியலில் காரைக்குடி இல்லையென்றால் 10.07 வடக்கு, 78.78 கிழக்கு என்று எண்ணாகவே கொடுக்கலாம். மதுரையைத் தேர்ந்தெடுத்தாலும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஒன்றும் இராது.

தலைக்கு நேர் மேலே பிடித்தால் படம் கிறுகிறுவென்று சுழல்கிறது. கைப்பேசி பழுதா?

பழுதில்லை. ஒரு விண்மீனின் இடத்தைச் செயலி திசை, உயரம் என்ற இரண்டு எண்களால் சொல்கிறது. உச்சியில் உயரம் 90 பாகை. அங்கே திசை என்பதற்குப் பொருளே இல்லை, ஏனென்றால் உச்சிப்புள்ளி வடக்கிலும் இல்லை, தெற்கிலும் இல்லை. கை சற்றே அசைந்தாலும் திசை எண் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவுகிறது, படமும் கூடவே சுழல்கிறது. அந்த நேரத்தில் உணரிகளை நிறுத்திவிட்டு, படத்தை விரலால் நகர்த்திப் பார்ப்பதே நல்லது.

நம் ஊரில் உச்சியைப் பார்ப்பது வீண் வேலையன்று. அகலாங்கு 10 பாகை என்பதால், வான நடுக்கோட்டுக்கு வடக்கே அதே அளவு தள்ளியிருக்கும் விண்மீன்கள் நம் தலைக்கு நேர் மேலாகக் கடந்து போகின்றன. திருவாதிரை, மகம், திருவோணம் ஆகிய மூன்றும் உச்சியிலிருந்து மூன்று பாகைக்குள்ளேயே கடப்பவை. இரவு ஒன்பது மணிக்கு வளவு முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தால், பிப்ரவரி முதல் வாரத்தில் செந்நிறத் திருவாதிரையும், ஏப்ரல் நடுவில் மகமும், செப்டம்பர் முதல் வாரத்தில் திருவோணமும் அந்தச் சதுர வானத்தின் நடுவே நிற்கும். தாழ்வாரத்து ஓடு தெருவிளக்கை மறைத்துவிடுவதால் முற்றம் அதற்கு மிக ஏற்ற இடம். கம்பி வலையால் திசைகாட்டி கெட்டாலும், உச்சியைப் பார்க்கத் திசைகாட்டி தேவையில்லை.

படுத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: தெற்கு கீழே வரும்படி உள்ள படத்தோடு வானம் ஒத்துப்போக வேண்டுமானால் வடக்கே தலை வைத்துப் படுக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் அதற்கு ஒப்ப மாட்டார்கள். தெற்கே தலை வைத்துப் படுத்து, படத்தில் வடக்கைக் கீழே திருப்பிக்கொண்டால் விஷயம் முடிந்தது.

திரையில் ஆயிரக்கணக்கில் தெரிகின்றன. வானத்தில் பத்து இருபதுதான் தெரிகின்றன. மீதி எங்கே?

விண்மீனின் ஒளியை அளக்கும் எண்ணை ஒளித்தரம் என்பார்கள். எண் கூடக் கூட ஒளி மங்கும். நன்றாக இருட்டிய இடத்தில் வெறுங்கண்ணுக்கு எட்டும் எல்லை 6. காரைக்குடி நகருக்குள் எல்.இ.டி. தெருவிளக்குகளுக்கு நடுவே 3 அல்லது 4 தாண்டுவதே கடினம். செயலியோ 8, 9 என்று மங்கலானவற்றையும் சேர்த்தே வரைகிறது. அமைப்புகளில் இந்த எல்லையைக் குறைக்கும் வசதி இருக்கும். அதை உங்கள் மாடி வானத்துக்குத் தகுந்தபடி குறைத்துவிட்டால் திரையும் வானமும் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கும். செயலியில் செய்ய வேண்டிய மாற்றங்களிலேயே மிகவும் பயனுள்ளது இதுதான், பலரும் தொடாமல் விடுவதும் இதைத்தான்.

அடுத்தது திரையின் வெளிச்சம். கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகிறது. வெள்ளைத் திரையை ஒரு கணம் பார்த்தாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். செயலியின் இரவுப் பயன்முறையைப் போட்டால் திரை சிவப்பாகும், சிவப்பு ஒளி கண்ணைக் குறைவாகவே கெடுக்கும். இருந்தாலும் கைப்பேசியின் வெளிச்ச அளவையும் கடைசி வரைக்கும் குறைத்தாக வேண்டும், வாட்ஸாப் அறிவிப்புகளையும் நிறுத்தியாக வேண்டும். சிவப்புத் திரையின் நடுவே வெள்ளையாக ஒரு குட்மார்னிங் படம் வந்து விழுந்தால் முப்பது நிமிடமும் போயிற்று.

என்னைக் கேட்டால், செயலியை ஒரு விண்மீனின் பெயரைத் தெரிந்துகொள்ளும் வரைக்கும் மட்டும் கையில் வைத்திருந்து, உடனே சட்டைப்பையில் போட்டுவிட வேண்டும் என்பேன். பெயர் தெரிந்த விண்மீனிலிருந்து பக்கத்து விண்மீனுக்குக் கண்ணாலேயே வழி பிடித்துப் போகப் பழகியவருக்கே வானம் மனத்தில் நிற்கிறது. கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மாடியைச் சுற்றி வருபவர் கைப்பேசியைத்தான் பார்க்கிறார்.

ஆண்ட்ரோமீடா விண்மீன்திரள் படத்தில் சுருள் சுருளாக, நீலமாக இருக்கிறது. எங்களுக்கு ஏன் அப்படித் தெரியவில்லை?

யாருக்குமே அப்படித் தெரியாது. சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்தத் திரள், நல்ல இருட்டில் சாம்பல் பூசியதுபோல் ஒரு சிறு மங்கலாகத் தெரிந்தால் அதுவே வெற்றி. செயலியில் ஒட்டியிருக்கும் படம் பெரிய தொலைநோக்கியில் மணிக்கணக்காக ஒளியைச் சேர்த்து எடுத்தது. மங்கிய ஒளியில் மனிதக் கண்ணுக்கு நிறம் தெரியாது. 7x50 அல்லது 10x50 அளவுள்ள பைனாகுலர் ஒன்று இருந்தால், கார்த்திகைக் கூட்டமும், சந்திரனின் குழிகளும், வியாழனின் நான்கு நிலவுகளும் கிடைத்துவிடும். சனியின் வளையத்துக்குத் தொலைநோக்கியே வேண்டும். அதுவும் 2025 மார்ச்சில் வளையம் பூமிக்கு விளிம்பு காட்டி நின்றதால், அதையடுத்த ஓரிரு ஆண்டுகளில் மெல்லிய கோடாகவே தெரியும். வாங்கிய தொலைநோக்கியைக் குறை சொல்ல வேண்டாம்.

எந்த இடத்தில், எந்த மாதத்தில் பார்ப்பது நல்லது?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள்; செயலியிலேயே சந்திரன் உதிக்கும் நேரமும் மறையும் நேரமும் இருக்கும். ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையோ பொட்டலோ நல்லது. தெற்கு அடிவானம் திறந்திருக்கிறதா என்பதை மட்டும் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நம் ஊர் வானத்தின் சிறப்பே தெற்கில் இருக்கிறது. வட இந்தியாவில் அடிவானத்தை ஒட்டி அரைகுறையாகத் தெரியும் அகத்திய நட்சத்திரம், பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணியளவில் நமக்குத் தெற்கே 27 பாகை உயரத்தில் தெளிவாக நிற்கும். கரையில் பாம்பு நடமாட்டம் உண்டு. தனியாகப் போக வேண்டாம், டார்ச் இல்லாமலும் போக வேண்டாம்.

பஞ்சாங்கத்தில் ஒரு ராசி போட்டிருக்கிறது, செயலி வேறு ராசியைக் காட்டுகிறது. எது சரி?

இரண்டும் வெவ்வேறு எல்லைகளை வைத்துப் பேசுகின்றன. பஞ்சாங்கத்தின் ராசி என்பது சூரியன் செல்லும் பாதையைப் பன்னிரண்டு சம பாகமாக, ஒவ்வொன்றும் 30 பாகையாகப் பிரித்தது. செயலி காட்டுவது, பன்னாட்டு வானியல் ஒன்றியம் வானம் முழுவதையும் 88 மண்டலங்களாகப் பிரித்து, 1930இல் எல்லைகளை அச்சிட்ட பிரிவினை. இந்த மண்டலங்கள் சம அளவானவையல்ல. கார்த்திகை மாதம் முழுவதும் சூரியன் விருச்சிகத்தில் இருப்பதாகப் பஞ்சாங்கம் சொல்லும். செயலியில் பார்த்தால் நவம்பர் கடைசியில் ஏறத்தாழ ஒரு வாரம் மட்டுமே விருச்சிகத்தில் இருந்துவிட்டு, பிறகு ஒஃபியூகஸ் என்னும் பதின்மூன்றாம் மண்டலத்துக்குள் நுழைந்துவிடும். சித்திரை முதல் நாளன்று செயலியில் சூரியன் இன்னும் மீனத்தில்தான் இருக்கும்; மேஷத்துக்கு வர நான்கைந்து நாள் ஆகும். இதைக் கண்டு பஞ்சாங்கம் தவறு என்றோ செயலி தவறு என்றோ முடிவுகட்டிவிடக் கூடாது.

பஞ்சாங்கங்களுக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு தனிக்கதை. மரபுவழிச் சூத்திரங்களைக் கொண்டு கணிப்பது வாக்கியம். வானில் காணும் நிலைக்கு ஏற்பத் திருத்திக் கணிப்பது திருக்கணிதம். சனி மீனத்துக்குப் பெயர்வதைத் திருக்கணிதம் 2025 மார்ச் 29 என்றும், வாக்கியம் 2026 மார்ச் 6 என்றும் குறித்ததால் பல வீடுகளில் குழப்பம் ஏற்பட்டது. சனி அன்றிரவு எந்த விண்மீனுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதைச் செயலி சரியாகச் சொல்லிவிடும். பரிகாரத்தை எந்த நாளில் செய்வது என்பதை அது சொல்லாது. அதற்குக் குடும்ப வழக்கம்தான் இருக்கிறது.

நம் நட்சத்திரப் பெயர்களைப் போட்டால் செயலி கண்டுபிடிப்பதில்லை. என்ன செய்வது?

தேடுமிடத்தில் ஐரோப்பிய, அரபுப் பெயர்களை ஆங்கில எழுத்தில் இட வேண்டியிருக்கும். கார்த்திகைக்கு ப்ளேயடீஸ், ரோகிணிக்கு அல்டெபரான், திருவாதிரைக்கு பெட்டல்ஜூஸ், மகத்துக்கு ரெகுலஸ், சித்திரைக்கு ஸ்பைகா, சுவாதிக்கு ஆர்க்டூரஸ், கேட்டைக்கு அண்டாரிஸ், திருவோணத்துக்கு ஆல்டேர், அகத்தியருக்கு கனோபஸ். இந்த ஒன்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் குழந்தைகளிடம் கொடுத்தால் ஓராண்டுக்குப் போதும். இவற்றில் அகத்தியர் மட்டும் இருபத்தேழு நட்சத்திரக் கணக்கில் வருவதில்லை.

பிள்ளையார் நோன்பன்று சதயத்தைச் செயலியில் பார்க்க முடியுமா?

முடியும். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாளை ஒட்டி, சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில் நகரத்தார் வீடுகளில் இழை எடுத்துக்கொள்ளும் நோன்பு அது. அன்று மாலை ஏழு, ஏழரை மணிக்குச் செயலியைத் திறந்து, மேற்கும் தென்மேற்குமான வானில் ஏறத்தாழ பாதி உயரத்தில் சந்திரனைப் பாருங்கள். அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் என்பதால் பாதி நிலவுக்குச் சற்றுக் குறைந்த பிறை நிற்கும். சதயத்தின் அடையாள விண்மீன் லாம்ப்டா அக்வாரி. ஒளித்தரம் 4ஐ நெருங்கியது என்பதால் நகருக்குள் வெறுங்கண்ணுக்குத் தெரிவது கடினம், நிலவொளியும் மறைக்கும். செயலியில் சந்திரனைத் தொட்டுச் சற்றுப் பெரிதாக்கினால் அருகே அந்தப் பெயரைக் காணலாம்.

சந்திரன் அந்த விண்மீனை ஒட்டியே நிற்க வேண்டும் என்பதில்லை. சதயம் என்பது பஞ்சாங்கத்தில் 13 பாகை 20 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) அகலமுள்ள ஒரு பகுதி. சந்திரன் அதற்குள் எங்கிருந்தாலும் சதயம்தான். மேற்கே பத்துப் பாகை தள்ளி நின்றால் கணக்கு பிசகிவிட்டதாக எண்ண வேண்டாம். சந்திரன் மணிக்கு அரைப் பாகை வீதம் கிழக்கே நகர்வதை, நேரத்தை முன்னே தள்ளும் வசதியைக் கொண்டு அங்கேயே பார்த்துவிடலாம். திருக்கார்த்திகையன்று முழுநிலவு கார்த்திகைக் கூட்டத்தின் அருகே நிற்கும் நிலையிலிருந்து, நாள் நாளாகத் தள்ளிச் சதயம் வரை ஓட்டிக் காட்டினால், இருபத்தொரு நாள் கணக்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும்.

முகூர்த்தத்தின்போது பகலில் அருந்ததி பார்க்கச் சொல்கிறார்களே, அப்போது அது உண்மையில் எங்கே இருக்கிறது?

செயலியில் வளிமண்டலத்தை நீக்கும் பொத்தானை அழுத்தினால் பகலிலும் விண்மீன்கள் தெரியும். தை மாதக் கடைசியில் காலை ஒன்பதரை மணி முகூர்த்தம் என்றால், சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரின் பக்கத்திலுள்ள அருந்ததி வடமேற்கே சுமார் 15 முதல் 18 பாகை உயரத்தில் இருக்கும். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டுமே குறை. வைகாசியில் அதே நேரத்தில் அடிவானத்துக்குக் கீழே இருக்கும். மணமக்கள் உண்மையாகவே பார்க்க விரும்பினால் சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு ஒன்பதரை மணிக்கு வடக்கே பார்க்கலாம். வசிட்டருக்கும் அருந்ததிக்கும் இடைவெளி 12 கலை, அதாவது முழுநிலவின் அகலத்தில் பாதிக்கும் குறைவு. நல்ல பார்வை உள்ளவருக்குப் பிரிந்து தெரியும்.

செயலியில் இல்லாத ஒளி ஒன்று நகர்கிறது. அது என்ன?

சிமிட்டிச் சிமிட்டிப் போனால் விமானம். சிமிட்டாமல், மேற்கிலிருந்து கிழக்காகச் சில நிமிடங்களில் வானத்தைக் கடந்து, நடுவிலேயே சட்டென்று மங்கி மறைந்தால் செயற்கைக்கோள். அது பூமியின் நிழலுக்குள் நுழைந்திருக்கிறது. மிகப் பிரகாசமானது பன்னாட்டு விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அந்தி சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும்தான் தெரியும். ஹெவன்ஸ் அபவ் செயலி அது வரும் நேரத்தை நொடிக்கணக்கில் சொல்லிவிடும். வரிசையாக மணிகோத்தாற்போல் பல ஒளிகள் போனால் அவை ஸ்டார்லிங்க் என்னும் இணையச் செயற்கைக்கோள்கள். 2019 முதல் ஏவப்படுகின்றன.

சூரியனைச் செயலியால் பார்க்கலாமா?

செயலியில் பார்ப்பதால் கேடில்லை. ஆனால் கைப்பேசியைச் சூரியனுக்கு நேரே தூக்கும்போது கண்ணும் கூடவே போய்விடும் என்பதால், குழந்தைகளிடம் பகலில் கொடுக்கும்போது உணரிகளை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். காலத்தைப் பின்னே தள்ளி, 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணிக்குப் புதுக்கோட்டையை இருப்பிடமாக வைத்துப் பார்த்தால், அன்று நம் பகுதியில் தெரிந்த வளையச் சூரிய கிரகணத்தை மீண்டும் காணலாம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு கடைசி வாரத்திலும் சூரியன் நமக்கு நேர் உச்சியில் வரும் நாட்களையும் செயலியில் தேடலாம். அது நண்பகல் பன்னிரண்டுக்கு நிகழாது, பன்னிரண்டேகால் மணியளவில் நிகழும். இந்திய நேரம் 82.5 பாகை நெட்டாங்கைக் கொண்டு கணக்கிடப்படுவதும், நாம் அதற்கு மேற்கே இருப்பதுமே காரணம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் விடியலில் என்ன பார்க்கலாம்?

விடிவதற்கு முன்பே நடக்கத் தொடங்குபவர்களுக்கு அதிகாலை நாலு, நாலரை மணி வானம் கிடைக்கிறது. ஜனவரிக் கடைசியில் அந்த நேரத்தில் தெற்கே நேராகத் திரிசங்கு என்னும் தென்சிலுவை, அடிவானத்திலிருந்து ஒன்றரை இரண்டு முட்டி உயரத்தில் செங்குத்தாக நிற்கும். அதற்குக் கிழக்கே இரண்டு பிரகாசமான விண்மீன்கள் அதைச் சுட்டிக் காட்டும். அதே நேரத்தில் வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலம் நன்றாக ஏறி நிற்கும். வடநாட்டில் இருப்பவர்களுக்குத் திரிசங்கு முழுதாக எழாது, ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் இருப்பவர்களுக்குச் சப்தரிஷிகள் முழுதாக எழுவதில்லை; நமக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. கிழக்கே சுவாதி உயரத்திலும், தென்கிழக்கே செந்நிறக் கேட்டை தாழ்வாகவும் இருக்கும். தைப்பூசத்தை நெருங்கும் நாட்களில் நிலவு வளர்ந்துகொண்டே வருவதால், தொடக்க நாட்களில் விடியலுக்கு முன்பே நிலவு மறைந்து வானம் இருண்டிருக்கும். கடைசி நாட்களில் நிலவொளி மிகுந்து பிரகாசமான விண்மீன்கள் மட்டுமே எஞ்சும்.

நடக்கும்போது திரையைப் பார்க்க வேண்டாம். சாலையில் லாரிகள் ஓடும் நேரம் அது. இளைப்பாற உட்காரும் இடத்தில் ஒருமுறை திறந்து, தெற்கில் எது, வடக்கில் எது என்று பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். ஜிபிஎஸ்ஸும் திரையும்தான் மின்கலத்தைத் தின்பவை; இருப்பிடத்தை ஒருமுறை எடுத்துக்கொண்ட பிறகு ஜிபிஎஸ்ஸை நிறுத்திவிட்டால், ஒரு நாளில் நடந்து கடக்கும் தூரத்துக்கு வானத்தில் எந்த மாற்றமும் தெரியாது.